தோல் பார்க்கிற வேலை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுத நான்தான் நாளாக்கிவிட்டேன். நலமாக இருக்கிறேன். குளிர்தான் விடுவதாக இல்லை. காலையில் பட்டறைக்குள் நுழைந்தால் பசையும் விறைத்துக் கிடக்கும், விரலும் விறைத்துப் போகும்.

புத்தக பைண்டிங்கில் அப்படி என்ன வேலை என்று சித்தப்பா கேட்டாராமே. இப்போது அட்டைக்குப் போர்த்தும் தோலைப் பார்த்துப் பொறுக்குகிறேன். பக்கத்து மேசைக் கிழவர் சொல்லித் தருகிறார். ஒரு மாதிரியான ஆள். யாரோடும் பேச மாட்டார். தோல் வந்துவிட்டால் மோந்து பார்த்து, மூலையில் எச்சில் தொட்டு வைப்பார். எனக்குக் குமட்டும். ஆனால் எச்சில் ஊறி அந்த இடம் கறுத்தால்தான் மேற்பூச்சு கனமில்லை என்று அர்த்தம். ஊறாமல் முத்தாக நின்றால், அட்டையில் எழுத்தும் பூவும் பதிக்கிற சூட்டு முத்திரை ஒழுங்காகப் பதியாது. அப்புறம், முடி இருந்த முகப்புறம் உள்ளே போக மடிப்பார். சுருக்கம் பொடிப்பொடியாக விழுந்தால் நல்ல தோல். தடித்து விழுந்தால் தளர்ந்தது, பெரும்பாலும் வயிற்றுப் பக்கம். முதுகெலும்பு ஓடிய இடம்தான் இறுக்கம். ஆட்டுத்தோலின் மணிமணியான வரி சொந்தமா, அச்சில் அழுத்தியதா என்று பார்க்க நனைத்து இழுப்பார். அச்சு என்றால் மங்கிவிடும். குரோம் உப்பில் பதனிட்டதைத் தொடவே மாட்டார்; கத்தியால் சீவினால் ரப்பர் மாதிரி இழுபடும்.

பார்வைக்கு அழகான தோலை நம்பவே கூடாது, அப்பா. பழைய புத்தகங்கள் வருகின்றன, தொட்டால் கையெல்லாம் செம்பொடி. காற்றிலிருக்கும் கந்தகப் புகையைக் குடித்துக் குடித்துத் தோல் உளுத்துப்போகிறது. லண்டன் கலைச் சங்கம் 1905-ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை போட்டது. சுமாக் என்கிற செடியின் இலையில் பதனிட்டது தாங்குமாம். நம் பக்கத்து ஆவாரம் பட்டையில் பதனிட்டது சீக்கிரம் போய்விடுமாம். நியாயமான பேச்சுதான். ஆனாலும் படித்த அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. ஆவாரம்பூவைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று!

சரி, வீட்டு விஷயம். பாகப் பிரிவினைக்குச் சித்தப்பா அவசரப்படுத்தினாலும் கையெழுத்துப் போட வேண்டாம். பெரியத்தையும் வரட்டும். மூலப்பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும். இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளிப்போகும். சம்பளத் தேதியை மாற்றிவிட்டார்கள், வேறொன்றுமில்லை. தம்பி கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று உடனே எழுதச் சொல்லுங்கள். சின்னவள் கல்யாணத்துக்கு நான் வருவது பற்றி அப்புறம் எழுதுகிறேன். அம்மாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மகன்