குறுக்குத்துறை வேண்டாம், கோமதி

அன்பு மகள் கோமதிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம். அங்கே மாப்பிள்ளையும் சின்னவனும் எப்படி இருக்கிறார்கள்? முழுப் பரீட்சை லீவுக்கு வரும்போது அவனுக்குத் திருநெல்வேலியில் நம் தாமிரபரணிப் படித்துறையான குறுக்குத்துறையில் நீச்சல் பழக்கப் போவதாகப் போனில் சொன்னாய். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். பரணில் கிடந்த லாரி ட்யூபை இறக்கித் துடைத்து வைத்துவிட்டார். போனில் நான் மறுத்துப் பேசினால் "நாங்களெல்லாம் அங்கே குளித்துத்தானே வளர்ந்தோம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவனுக்கு ஆறு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். தாமிரபரணிக் கரையில் பிறந்தவளின் பிள்ளை அபார்ட்மெண்ட் தொட்டியில் குளோரின் வாடையோடு நீச்சல் பழகுவதில் எனக்கு மட்டும் என்ன சந்தோஷம்? குறுக்குத்துறை மட்டும் வேண்டாம். அதுவும் மே மாதத்தில் வேண்டவே வேண்டாம்.

நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் நான் தண்ணீர் லேபில் வேலை பார்த்தது உனக்கு ஐஸ் பெட்டியோடு வீட்டுக்கு வரும் அம்மாவாகத்தான் ஞாபகம் இருக்கும். அந்தப் பெட்டியில் வந்த தண்ணீரை என்ன செய்தோம் என்று நீ கேட்டதில்லை. வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் கிருமி வளர்வதற்கான சாறு, அதற்குள் கவிழ்த்த ஒரு குட்டிக் குழாய். ஆற்றுத் தண்ணீரை அளந்து விட்டு, உடம்புச் சூட்டை ஒட்டிய சூட்டில் இரண்டு நாள் வைப்போம். கோலிஃபார்ம் என்கிற கிருமி இருந்தால் குட்டிக் குழாயில் காற்றுக் குமிழி நிற்கும். எத்தனை குழாயில் குமிழி என்று எண்ணி, அட்டவணையைப் பார்த்து, 100 மில்லிக்கு இவ்வளவு இருக்கலாம் என்று எழுதுவோம். பார்ப்பதற்குப் பளிங்கு மாதிரி இருந்த தண்ணீரில் எல்லாக் குழாயும் குமிழி கட்டி நிற்கும். கலங்கிய தண்ணீரில் சில நேரம் ஒன்றிரண்டுதான். அப்போதே என் கண்ணை நம்புவதை விட்டுவிட்டேன். "தண்ணி தெளிவாத்தான இருக்கு" என்று அப்பா சொல்வார், நீ தலையாட்டாதே.

ஆள் இறங்கிக் குளிக்கும் தண்ணீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் 100 மில்லியில் 500-க்குள் இருப்பது நல்லது, 2500-ஐத் தாண்டவே கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. பி.ஓ.டி., அதாவது கழிவைத் தின்னும் கிருமிகள் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேலே போகக் கூடாது. கோலிஃபார்ம் எல்லாமே நோய் தருவது இல்லை. ஆனால் மலத்திலிருந்து வரும் அந்த வகை இருக்கிறது என்றால் மனிதக் கழிவோ மாட்டுக் கழிவோ சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். டைபாய்டு, மஞ்சள் காமாலை, பேதி எல்லாம் அந்த வழியில்தான் வரும். இன்னொன்று: முடிவு வர இரண்டு நாள் ஆகிறதே, அதற்குள் அந்தத் தண்ணீர் வெகுதூரம் கீழே போயிருக்கும். நாம் இன்றைக்கு இறங்குவது வேறு தண்ணீர். அதனால் ஒரு நாள் ரிப்போர்ட் நல்லதாக வந்தது என்று கேள்விப்பட்டாலும் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. சாக்கடை எங்கே சேர்கிறது, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, கடைசியாக எப்போது மழை பெய்தது, இந்த மூன்றையும்தான் பார்ப்பேன்.

சாக்கடை விஷயம் உனக்குத் தெரியும். கொக்கிரகுளம் பாலத்துக்குக் கீழே, சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டைப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது. குறுக்குத்துறை அதற்கு மேலே இருப்பதால் தப்பித்தது என்று நினைக்காதே. அதற்கும் மேலே ஊர்கள் இல்லையா? ஆற்றில் கழிவு கலக்கிற வழக்கில் 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வழக்கு நடக்கட்டும், திட்டம் வரட்டும், நல்லதுதான். அதற்காகச் சின்னவன் காத்திருக்க முடியுமா என்ன.

2023 டிசம்பர் வெள்ளத்தில் குறுக்குத்துறைக் கோயிலே முங்கியது. "ஆறு தன்னைத் தானே கழுவிக்கிட்டு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வெள்ளம் மணலைப் புரட்டியது, அமலைச்செடியை, அதான் ஆகாயத்தாமரையை, அடித்துக்கொண்டு போனது, வாஸ்தவம். சாக்கடையின் வாயை அது அடைக்கவில்லையே. அமலைச்செடி எங்கே பாய் விரித்த மாதிரி வளர்கிறதோ அங்கே அதற்குச் சாப்பாடு போகிறது என்று வைத்துக்கொள். அதற்குச் சாப்பாடு நம் வீட்டுக் கழிவுதான்.

அப்புறம் தண்ணீரின் அளவு. நீ இங்கே இருந்தபோது அப்பா தினமும் பேப்பரில் அணை நீர்மட்டத்தைச் சத்தமாகப் படிப்பாரே, இப்போதும் படிக்கிறார். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. அது அணை நிரம்பி நிற்கும் மட்டம். கோடையில் அதில் எவ்வளவு இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் குடிநீருக்கு அளந்து விடுவார்கள். ஆற்றில் ஓடுவது குறையும், ஊர்க் கழிவு குறையாது. ஜூனில் கார் நெல் சாகுபடிக்கு அணையைத் திறந்துவிட்டால் ஆறு வேறு ஆறாக இருக்கும். அதனால் லீவின் கடைசியில் வர முடியுமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுப் பார். முடியாவிட்டால் பரவாயில்லை, இடத்தை மாற்றிக்கொள்வோம்.

கோடை மழை பெய்தால் இரண்டு நாள் எந்தத் துறையிலும் இறங்கக் கூடாது. முதல் மழைதான் மோசம். தெருவில், ஓடையில், வாய்க்காலில் மாதக்கணக்காகக் கிடந்ததையெல்லாம் ஒரே தள்ளாகக் கொண்டுவந்து சேர்க்கும். எலி மூத்திரமும் அதில் சேர்த்தி. காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் எலிக்காய்ச்சல் அது வழியாக உள்ளே போகும். சின்னவன் முழங்கால் எப்போதுமே சிராய்ப்போடுதானே இருக்கும்.

மூளையைத் தின்னும் அமீபா என்று நீயே ஒரு வீடியோ அனுப்பியிருந்தாய். 2024-ல் கேரளத்தில் குளத்திலும் ஆற்றிலும் குளித்த பிள்ளைகள் அதில் இறந்தது உண்மை. ஆனால் அந்த வீடியோவில் சொன்ன மாதிரி தண்ணீரைக் குடித்தால் அது வராது. மூக்கு வழியாக ஏறினால்தான். சூடான, தேங்கின தண்ணீர் அதற்குப் பிடிக்கும். மிக மிக அபூர்வம், வந்தால் பிழைப்பது கஷ்டம். அதனால் பயந்து சாக வேண்டாம். கோடையில் ஓட்டம் நின்றுபோய்ப் பாறை இடுக்கில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் குட்டையில் அவனை முங்கவிடாதே. மூக்கு கிளிப் ஒன்று வாங்கி வா. அங்கே நீச்சல் வகுப்பில் கிடைக்கும்.

இடம் எது என்று கேட்பாய். கல்லிடைக்குறிச்சிக்கு மாமா வீட்டுக்குப் போவோம். ஊருக்கு மேலே, படித்துறைச் சோப்பு நுரையும் ஊர்த் தண்ணீரும் சேர்வதற்கு முன்னால் இறங்கலாம். அங்கேயும் சுத்தம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், விக்கிரமசிங்கபுரம் ஊர் அதற்கு மேலே இருக்கிறது. இருந்தாலும் டவுனோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். கசம், அதான் ஆழமான மடு, எங்கே இருக்கிறது என்று மாமாவுக்குத் தெரியும். மணல் அள்ளின பள்ளத்தை வெளியூர்க்காரன் கண்டுபிடிக்க முடியாது. அவர் கையைக் காட்டின இடத்தை விட்டு ஒரு அடி தாண்டக் கூடாது. பாபநாசம் கோயில் படித்துறையில் சாமி மட்டும் கும்பிட்டுவிட்டு வருவோம். பரிகாரம் என்று வேட்டியையும் சேலையையும் ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். டன் கணக்கில் எடுத்தும் தீரவில்லை. நல்ல நீச்சல்காரன் காலிலும் துணி சுற்றிக்கொள்ளும். பாவம் போனதோ என்னவோ, சேலை போகவில்லை. அருவியில் நிற்க ஆசைப்பட்டால் அகஸ்தியர் அருவிக்கு ஒரு நாள் போகலாம், காட்டுக்குள்ளிருந்து வருகிற தண்ணீர்.

குளித்துவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு ஒரு குளியல், காதைத் துடைத்துவிட வேண்டும். நீச்சல் அடிக்கும்போது வாயை மூடச் சொல். உன்னைப் போல ஆற்றில் பேசிக்கொண்டே இருப்பான். தினமும் அரை மணி நேரம் போதும்.

ஊருக்குத் திரும்பின பிறகு இரண்டு மாதம் வரைக்கும் அவனுக்குக் காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளாகத் தெரிந்தால், ஆற்றில் குளித்ததை டாக்டரிடம் நீயாகவே முதலில் சொல்லிவிடு. அவர் கேட்க மாட்டார். எலிக்காய்ச்சலுக்கு ஒன்றிரண்டு வாரமாகும், டைபாய்டும் அப்படித்தான், காமாலைக்கு அதைவிட நாளாகும். அதற்குள் லீவையே மறந்திருப்போம். கடும் தலைவலியும் வாந்தியும் கழுத்து விறைப்பும் சேர்ந்து வந்தால் மட்டும் காலை வரை காத்திருக்காதே, ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போ.

அப்பாவிடம் குறுக்குத்துறை இல்லை என்று இன்னும் சொல்லவில்லை. நீ சொல்லிவிடு, நீ சொன்னால் கோபப்பட மாட்டார். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல், மாமாவிடம் சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா