பெல்யாயெவை ஒழுங்காகக் கொண்டுவாருங்கள்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பதிப்பாளர்களுக்கும் ருஷ்ய மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வணக்கம்.

ருஷ்ய எழுத்தாளர் அலெக்சாந்தர் பெல்யாயெவின் அறிவியல் புனைகதைகளைத் தமிழில் ஒரு வரிசையாக, சுருக்காமல், நேரடியாக ருஷ்யனிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். அவர் இறந்தது 1942இல். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் என்பது நம் சட்டம், ஆகவே உரிமைச் சிக்கல் கிடையாது. ஒரே ஒரு வேண்டுகோள்: 'சிறுவர் சாகசம்' என்று முத்திரை குத்தி ஓரமாக வைத்துவிடாதீர்கள். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் நல்ல முன்னுரை ஒன்று கட்டாயம் வேண்டும்.

1884இல் ஸ்மொலென்ஸ்கில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். சமயப் பள்ளியில் படித்தும் பாதிரியாராகவில்லை. சட்டம் படித்து வக்கீலானார். கூடவே உள்ளூர் நாளிதழில் நாடக விமர்சனம் எழுதினார். 1913இல் இத்தாலிக்கும் பிரான்சுக்கும் போய் வெசூவியஸ் எரிமலை மீது ஏறிப் பார்த்தவர். கொஞ்ச காலத்திலேயே முதுகெலும்பில் டி.பி. வந்து படுக்கையில் விழுந்தார். மனைவியும் விட்டுப் போனார்.

மூன்றரை ஆண்டு மாவுக்கட்டில் கிடந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. கைகள் இயங்கினாலும் வாழ்க்கை உடலற்ற தலையின் வாழ்க்கையாகத்தான் இருந்தது என்கிறார். முகத்தில் ஊர்ந்த ஈயைக்கூட அவரால் விரட்ட முடியவில்லை என்றொரு கதை உலவுகிறது. கை இயங்கியது என்று அவரே சொல்லியிருக்கும்போது அந்தக் கதை முன்னுரைக்கு வேண்டாம்.

அந்தப் படுக்கையிலிருந்து பிறந்ததுதான் 'புரொஃபசர் டோவெலின் தலை'. 1925இல் சிறுகதையாக வந்து, பிறகு நாவலானது. உதவியாளராக இருந்த கெர்ன், இறந்துபோன டோவெலின் தலையை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டு அவருடைய மூளையைச் சுரண்டுகிறான். ஒரு குழாயைத் திறந்தால் தொண்டைக்குக் காற்று போகும், தலை பேசும். அதைத் தொடவே கூடாது என்று, கெர்னிடம் வேலைக்கு வந்த இளம் மருத்துவர் மரி லொரானுக்குக் கட்டளை. அவள் திறக்கிறாள். நோயாளியின் குரல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாகக் கேட்ட கதை எனக்குத் தெரியாது.

நீருக்கடியிலும் மூச்சுவிடக்கூடிய இளைஞனின் கதையாக 1928இல் வந்த 'நீர்நில மனிதன்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1961இல் படமாகி சோவியத் நாடு முழுக்க ஓடியது.

நமக்கு இன்னும் நெருக்கமானது 1941இல் வெளியான 'ஏரியல்'. கதை தொடங்குவதே மதராஸ் பக்கத்தில், தண்டராத் என்ற கற்பனைப் பள்ளியில். அவன் சொத்தைப் பறிப்பதற்காக இங்கிலாந்திலிருந்து அனுப்பிவைக்கப்பட்ட பையனுக்கு விஞ்ஞானிகள் பறக்கும் சக்தியைத் தருகிறார்கள்: உடலின் மூலக்கூறுகள் தாறுமாறாக அலைவதை விட்டு, அவன் நினைக்கும் திசையில் நகரும். அவனோ ஷரத் என்ற சின்னப் பையனைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்தே பறந்து தப்பிவிடுகிறான். பெல்யாயெவ் மதராஸைப் பார்த்ததில்லை. அவர் வர்ணனையில் நம் ஊருக்குப் பொருந்தாதது இருந்தால் திருத்தாதீர்கள், அப்படியே விடுங்கள். முதுகெலும்பு ஒத்துழைக்காத மனிதர் தன் கடைசிக் காலத்தில் எழுதிய பறத்தல் அது.

பத்திரிகை வேலையையும் அவர் விடவில்லை. லெனின்கிராடுக்குப் பக்கத்தில் புஷ்கின் நகரில் குடியிருந்தபோது உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதிவந்தார். போர் வந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உடம்பு தேறாததால் ஊரை விட்டுக் கிளம்ப முடியவில்லை. 1941 செப்டம்பரில் ஜெர்மானியர் நகரைப் பிடித்தார்கள். 1942 ஜனவரியில் பசியால் செத்துப்போனார். புஷ்கின் நகரின் கசான் கல்லறைத் தோட்டத்தில் நினைவுக்கல் இருக்கிறது, ஆனால் உடல் அதன் கீழேதான் இருக்கிறதா என்பது உறுதியில்லை. பின்னாளில் அவர் மணந்த மனைவியையும் மகளையும் ஜெர்மானியர் கொண்டுபோனார்கள். போர் முடிந்து திரும்பியவர்களை சோவியத் அரசு சைபீரியாவுக்கு அனுப்பியது. இதையும் மழுப்பாமல் எழுதுங்கள்.

முதல் தொகுதியில் 'டோவெலின் தலை'யையும் 'ஏரியலை'யும் சேர்த்தே போடுங்கள். யார் முன்வந்தாலும் மெய்ப்புப் பார்த்துத் தர நான் தயார், கூலி வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்