மைதானம் இருக்கட்டும், விசில் ஊத ஆள் எங்கே?

டப்ளின் க்ரோக் பார்க்கில் கூடும் ஜி.ஏ.ஏ. (கேலிக் விளையாட்டுச் சங்கம்) மத்தியக் குழுவினருக்கு,

வணக்கம். லவுத் கவுண்டியிலிருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டுக்காரி, நர்ஸ் வேலை, அயர்லாந்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. "இதை ஏம்மா தமிழ்ல எழுதுற, அவங்களுக்கு எப்படிப் புரியும்?" என்று மகன் கேட்டான். இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் மரியாதைக்குரிய ஐயா என்று ஆரம்பித்து நாலே வரியில் நன்றி சொல்லி முடித்துவிடுவேன். கிளப் ஆட்டங்களின் ரெஃபரிகளுக்காகச் சண்டை போட வந்திருக்கிறேன், அதற்கு எனக்குத் தமிழ்தான் தோது. ஐரிஷ் மொழியை வளர்ப்பதைத் தன் கொள்கையாகவே வைத்திருக்கும் சங்கம் உங்களுடையது. இன்னொரு பழைய மொழியில் ஒரு கடிதம் வந்தால் படித்துச் சொல்ல ஓர் ஆளைப் பிடிக்க மாட்டீர்களா என்ன?

அப்புறம், இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இதைப் படிக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் பிள்ளையை கிரவுண்டில் இறக்கிவிட்டு, காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போன் பார்ப்பவர்களைச் சொல்கிறேன். நானும் மூன்று வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கேலிக் கால்பந்தில் பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் ஓடக்கூடாது. தரையில் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் காலில் தட்டிக் கைக்கு எடுக்க வேண்டும். கம்பம் ரக்பிக் கம்பம் மாதிரி உயரமானது. குறுக்குக் கட்டைக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. இதில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை 82,000 பேர் நிறைந்த க்ரோக் பார்க்கில் கோப்பையைத் தூக்கியவர், லீவு முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டைத் தூக்குவார். நடுவர்களும் அப்படித்தான். அவர்களுக்குக் கிடைப்பது பயணச் செலவும் சாப்பாட்டுக் காசும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களின் ஆட்டம். கம்பத்தருகே நிற்க அம்பயருக்கு ஆள் குறைந்தது. எங்கள் கோச் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டி, என் கையில் இரண்டு கொடிகளைத் திணித்துவிட்டுப் போனார். வெள்ளை பாயிண்டுக்கு, பச்சை கோலுக்கு. தூறல், கடல் பக்கமிருந்து காற்று, கொடி கையில் நிற்கவில்லை. இரண்டாம் பாதியில் ஒரு பையன் உதைத்த பந்து கம்பத்தின் உச்சிக்கும் மேலே போனது. உள்ளேயா வெளியேயா? அந்த வானத்தில் கடவுளுக்கே தெரிந்திருக்காது. எனக்கு வெளியே என்று பட்டது. இரண்டு கையையும் ஆட்டி வைட் என்று காட்டினேன். ரெஃபரி என்னை ஒருமுறை பார்த்தார், தலையாட்டினார், ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக் கோட்டோரம் நின்ற ஒரு தகப்பனார் ஆரம்பித்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் ரெஃபரிக்குத்தான். குருடா, எவ்வளவு வாங்கினாய், இன்னும் எழுத முடியாத சில. ரெஃபரிக்கு அறுபது தாண்டியிருக்கும், ஒரு முட்டியில் பட்டை போட்டிருந்தார். ஆட்டம் முடிந்து தன் காரின் டிக்கியைத் திறந்துவைத்து, அதன் விளிம்பில் உட்கார்ந்து சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றும் அந்த ஆள் விடவில்லை. அவர் தலை நிமிரவே இல்லை. நாடாவின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் அவிழ்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் மகன் கேட்டான்: "தப்பா சொன்னது நீதானேம்மா? அவர் ஏன் திட்டு வாங்கினார்?"

அந்த மனிதர் அதன்பிறகு வரவில்லை. அடுத்த வாரம் எதிரணி கோச் விசிலை எடுத்தார். எங்கள் பக்கத்துக்கு அவர்மேல் சந்தேகம். அதற்கடுத்த வாரம் எங்கள் கோச், அவர்களுக்குச் சந்தேகம். மூன்றாவது வாரம் ஆட்டமே இல்லை.

இந்தக் கவுண்டியில் ரெஃபரி என்ற சொல்லோடு ஒரு வருஷம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2010, லென்ஸ்டர் மாகாண இறுதி ஆட்டம், மீத் கவுண்டிக்கு எதிராக. எழுபது நிமிஷம் முடிந்து, காயங்களுக்காகச் சேர்த்த நேரத்தில் லவுத் ஒரு புள்ளி முன்னால். கடைசி நொடிகளில் ஒரு மீத் ஆட்டக்காரர் பந்தோடு விழுந்தபடியே அதைக் கையால் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார். விதிப்படி அது கோலே இல்லை. ரெஃபரி கோல் கொடுத்தார். லவுத் 1-10, மீத் 1-12 (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி). விசில் ஊதியதும் கூட்டத்திலிருந்து சிலர் உள்ளே ஓடி ரெஃபரியை அடித்தார்கள், போலீஸ் சூழ்ந்து அழைத்துப் போனது. தவறு நடந்தது என்பது பிறகு ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் மறு ஆட்டத்துக்கு உத்தரவிட விதியில் இடமில்லை என்று நீங்கள் கையை விரித்துவிட்டீர்கள். மீத்தும் முன்வரவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இப்போது எண்பதுக்கு மேல். லவுத் கடைசியாக லென்ஸ்டரை வென்ற 1957-இல் அவர் பள்ளிக்கூடப் பையன். அந்த வருஷமே அகில அயர்லாந்து இறுதியில் கார்க்கையும் தோற்கடித்தார்கள். 2010 கதையை அவர் எனக்குக் குறைந்தது பத்து தடவை சொல்லியிருப்பார், ஒவ்வொரு தடவையும் டீ ஆறிப்போகும். ஆனால் ஒன்று சொல்வார்: அந்தக் கோலை மன்னித்துவிட்டேன், உள்ளே ஓடிப்போய் அடித்த நம்ம ஊர்க்காரனை மன்னிக்கவில்லை. 2025 மே 11, க்ரோக் பார்க்கில் 65,000 பேருக்கு மேல் கூட்டம், எதிரில் அதே மீத். 3-14-க்கு 1-18. அறுபத்தெட்டு வருஷம் கழித்து லவுத் ஜெயித்தது. நானும் மகனும் அங்கே இருந்தோம். சிவப்புச் சட்டை போட்ட கிழவர்கள் யாரென்றே தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கும் ஒருவர் கிடைத்தார்.

அந்தக் கோடையில் நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். கொஞ்ச காலமாக இந்த ஆட்டம் பார்க்கச் சகிக்காமல் இருந்தது. பதினைந்து பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் சுவராக நிற்பார்கள். மற்றவர்கள் பந்தை இடமும் வலமுமாகக் கைமாற்றியபடி நண்டு மாதிரி நகர்வார்கள். நம் கபடியில் கோட்டைத் தொட்டுவிட்டுச் சும்மா திரும்பும் ரெய்டர்களுக்காக டூ ஆர் டை ரெய்டு கொண்டுவந்தார்களே, அதே வியாதி. முன்னாள் டப்ளின் பயிற்சியாளர் ஜிம் கேவின் தலைமையில் ஒரு குழு போட்டு மருந்து கண்டுபிடித்தீர்கள். மைதானத்தின் இரு பாதியிலும் எப்போதும் ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டக்காரர்கள் இருக்க வேண்டும். 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்தால் இரண்டு புள்ளி, அம்பயர் ஆரஞ்சுக் கொடி ஆட்டுவார். கோல்கீப்பரின் உதை அந்த வளைவைத் தாண்ட வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் சோதனைக்கு ஒப்புக்கொண்டு, 2025 அக்டோபரில் நிரந்தரமாக்கினீர்கள். நடுவில் அகில அயர்லாந்து இறுதியில் கெர்ரி 1-26, டோனிகால் 0-19. ஒரு வருஷம் முன்பு அதே மேடையில் அர்மா ஜெயித்த கணக்கு 1-11-க்கு 0-13தான்.

இரண்டு புள்ளி விதி பற்றி கவுண்டிக்குக் கவுண்டி சண்டை நடக்கிறது. காற்று முதுகில் இருக்கும் அணிக்கு அது லாட்டரி என்கிறார்கள். உண்மைதான், ஆனால் பாதி நேரத்தில் பக்கம் மாறுகிறது, காற்று மாறுவதில்லை. எனக்கு அந்த ஆரஞ்சுக் கொடி பிடித்திருக்கிறது. கோலுக்கு நாலு புள்ளி தரலாமா என்று ஆடிப்பார்த்துவிட்டுக் கைவிட்டீர்களே, அதுவும் சரி.

நான் உட்கார்ந்து யோசித்தது வேறொரு விதியை. ரெஃபரி முடிவை எதிர்த்துப் பேசினாலோ, பந்தை எதிரணியிடம் ஒழுங்காகக் கொடுக்காமல் எறிந்தாலோ, தண்டனை உதை 50 மீட்டர் முன்னால் போய்விடும். மரியாதை, மரியாதை என்று எத்தனை வருஷம் போஸ்டர் ஒட்டினீர்கள்? யாராவது கேட்டார்களா? இந்த விதி வந்த சில வாரங்களில், நேற்றுவரை பந்தை ஆகாயத்தில் வீசியவர்கள் கோயில் பிரசாதம் மாதிரி எதிராளியின் கையில் வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். மனசு மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. கணக்கு மாறியது, அது போதுமே.

ஆனால் இந்த விதிகளையெல்லாம் பார்ப்பது யார்? மூன்று பேர் அந்தப் பாதியில் நிற்கிறார்களா, உதைத்தவரின் கால் வளைவுக்கு வெளியே இருந்ததா, கீப்பர் பந்தை வாங்கிய இடம் சரியா, தவறுக்கு ஆளானவர் உதைக்குக் காத்திருக்காமல் உடனே பந்தோடு ஓட ஆரம்பித்தால் எதிராளி ஒதுங்கினாரா? கவுண்டி ஆட்டத்தில் லைன்ஸ்மேன்கள் உண்டு, நேரத்தை ஹூட்டர் பார்த்துக்கொள்ளும். பெரிய மைதானத்தில் பந்து போன தடத்தைப் பார்க்கும் ஹாக்-ஐ கேமரா உண்டு. (அதுவும் சில நாள் தூங்கும். 2022 அரையிறுதியில் கால்வேயின் ஒரு நல்ல பாயிண்டை வைட் என்று சொல்லிவிட்டு, இடைவேளையில்தான் திருத்தினார்கள்.) கிளப் ஆட்டத்தில் இருப்பது ஒரு மனிதர், ஒரு விசில், மழையில் ஊறிய ஒரு குட்டி நோட்டு. நீங்கள் சேர்த்த ஒவ்வொரு விதியும் அவர் தலையில்தான் ஏறியிருக்கிறது. அதற்கு ஈடாக அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?

இந்த இடத்தில் பணத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. பெல்ஃபாஸ்டில் அன்ட்ரிம் கவுண்டியின் மைதானமான கேஸ்மென்ட் பார்க் 2013-இலிருந்து பூட்டிக் கிடக்கிறது, படிக்கட்டுகளில் புதர் மண்டியது. ஒரு காலத்தில் 77.5 மில்லியன் பவுண்டில் முடியும் என்றார்கள். நீதிமன்றம், அனுமதி, அரசியல் என்று இழுத்து, 2028 யூரோ கால்பந்துக்காகக் கட்டினால் 400 மில்லியனைத் தாண்டலாம் என்று 2024-இல் பிரிட்டிஷ் அரசு பின்வாங்கியது. அடுத்த ஜூனில் அதே அரசு 50 மில்லியன் தருவதாகச் சொன்னது. டப்ளின் அரசு 50 மில்லியன் யூரோ, ஸ்டார்மான்டில் இருக்கும் வட அயர்லாந்து அரசு 62.5 மில்லியன் பவுண்டு, நீங்கள் 15 மில்லியன். ரக்பிக்கு ரேவன்ஹில்லும் சாக்கருக்கு வின்ட்சர் பார்க்கும் எப்போதோ புதுசாகிவிட்ட நகரத்தில் நம் ஆட்டத்துக்கு மட்டும் புதர்க்காடா என்று அன்ட்ரிம் மக்கள் கேட்பதில் நூறு சதவீதம் நியாயம் இருக்கிறது. 2025-இல் அர்மாவோடு மோத வேண்டிய ஆட்டத்தைச் சின்ன மைதானம் என்று சொல்லி நியூரிக்கு மாற்றப் பார்த்தபோது, அன்ட்ரிம் ஆட்டக்காரர்கள் ஆடவே மாட்டோம் என்று மறுத்து அதை பெல்ஃபாஸ்டிலேயே வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது. கேஸ்மென்ட் பார்க்கைக் கட்டுங்கள். 34,578 இருக்கைதான் வேண்டுமா, குறைவாகக் கட்டி இந்தத் தலைமுறைக்குத் திறக்கலாமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கார்க்கில் 2017-இல் புதுப்பித்த பார்க் ஈ கீவ் மைதானத்தின் கடன், கடைசியில் சங்கத்தின் செயலாளர் ஒருவர் நினைவாக வைத்த பெயருக்கு முன்னால் சூப்பர்மார்க்கெட் பெயரை ஒட்டும்வரை போனதே. லவுத்துக்கும் டண்டாக்கில் ஒரு மைதானம் வருகிறது, வருகிறது என்கிறார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குக் குடியிருப்பு உரிமை தந்த ஒரு திட்டத்தின் வழியே அதற்குப் பணம் வந்தது. விசாவுக்காக வரிசையில் நின்று வந்தவள் என்பதால் அதைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்தேன்.

இந்தத் தொகைகளின் பக்கத்தில் நான் கேட்பது சில்லறை. பெயர் விற்ற காசிலும் பெரிய ஆட்டங்களின் டிக்கெட் காசிலும் ஒரு பங்கைக் கிளப் நடுவர்களுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். பெரியவர்களின் கிளப் ஆட்டத்துக்கு இரண்டு கிளப்பையும் சேராத இரண்டு லைன்ஸ்மேன்களையாவது அனுப்புங்கள், அந்த மூன்றுபேர் கணக்கை அவர்கள் பார்க்கட்டும். ரக்பியில் ரெஃபரி பேசுவது டிவியில் கேட்கிறது. ஏன் ஊதினார் என்று தெரிந்தாலே பாதிக் கோபம் அடங்கிவிடுகிறது. நம் ரெஃபரிகளுக்கும் அந்த மைக்கை மாட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த 50 மீட்டரைக் கோட்டுக்கு வெளியேயும் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் ஆட்டத்தில் பெற்றோர் ரெஃபரியைத் திட்டினால், அவர்கள் அணிக்கு எதிராக அங்கேயே ஒரு உதை, 50 மீட்டர் முன்னால். பிள்ளைமேல் அநியாயம் என்பீர்கள். அநியாயம்தான். ஆனால் ஒரு தடவை அப்படி ஆகட்டும், அடுத்த சனிக்கிழமை அப்பாவை எங்கே நிறுத்த வேண்டும் என்று பதின்மூன்று வயதுப் பையனே பார்த்துக்கொள்வான்.

கடைசியாக ஒரு சின்னக் குறை. இரண்டு வாரம் முன்பு ரெஃபரி பயிற்சிக்கு நானே பெயர் கொடுத்தேன். அந்தப் பெரியவரின் முட்டிப் பட்டை கண்ணை விட்டுப் போகாததால் கொடுத்தேனோ, வைட் சொன்னது நான் என்பதால் கொடுத்தேனோ, தெரியவில்லை. வகுப்பு செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழரைக்கு என்று செய்தி வந்திருக்கிறது. செவ்வாய், புதன் எனக்கு நைட் டியூட்டி. என்னை மாதிரி ஷிப்டில் ஓடுபவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அந்த வகுப்பை வைக்க முடியுமா? தேதியைச் சொன்னால் லீவு போடாமல் வந்துவிடுவேன். விசில் வாங்கி வைத்திருக்கிறேன். மகன் அதை வீட்டுக்குள் ஊதுகிறான்.

இப்படிக்கு,
பச்சைக் கொடியை இன்னும் ஒரு தடவைகூட ஆட்டாத ஓர் அம்பயர்
லவுத் கவுண்டி