'ஒரிஜினல் டயல்' என்று எழுதும் முன்

பழைய அமெரிக்க ரயில்வே பாக்கெட் வாட்சுகளை விற்பவர்களுக்கும் ஏலம் விடுபவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் விளம்பரங்களில் 'ஒரிஜினல் டயல்' என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. கேட்டால் மூவ்மென்டின், அதாவது வாட்சை ஓட்டும் உள் இயந்திரத்தின், வரிசை எண்ணைக் காட்டுகிறீர்கள். அந்த எண்ணை வைத்து மூவ்மென்ட் ஏறக்குறைய எந்த ஆண்டுக்குரியது என்று சொல்லலாம். டயலைப் பற்றி அது வாய் திறக்காது.

1891-இல் ஒஹாயோவின் கிப்டனில் ரயில்கள் மோதிய பிறகு, வெப் பால் என்ற கிளீவ்லண்ட் நகைக்கடைக்காரர் ரயில்வே வாட்சுகளுக்குக் கொண்டுவந்த கண்டிப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது. முகத்துக்கு மூடி கூடாது. வெள்ளை டயலில் தடித்த அரபு எண்கள் வேண்டும். இன்ஸ்பெக்டர்கள் தவறாமல் சோதிப்பார்கள். அந்த டயலோ செம்புத் தகட்டில் சுட்ட கண்ணாடிப் பூச்சான எனாமல்; கீழே விழுந்தால் விரிசல் விடும். விரிசல் விட்டதைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டி மறுபடி வேலைக்கு அனுப்பினார்கள். உழைத்த வாட்சில் இரண்டாவது டயல் இருப்பது ஒரு குறையே அல்ல என்பேன். ஆனால் 1920களில் முறையாக மாற்றியதையும் போன மாதம் பசை வைத்து ஒட்டியதையும் ஒரே சொல்லால் விற்பது சரியா?

வாங்கிச் சேகரிக்கும் எங்களுக்கு வேண்டியது டயலின் பின்புறப் படம். டயலின் அடியில் சின்னச் செம்புக் கால்கள் உண்டு. மூவ்மென்டின் துளைகளில் இறங்கும் அவற்றைப் பக்கவாட்டுத் திருகுகள் பிடித்துக்கொள்ளும். கால்களின் இடம் கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியில்கூட மாடலுக்கு மாடல் மாறும். வால்தம் கம்பெனியின் 1883 மாடல் டயல் 1892 மாடலில் உட்காராது. உட்கார வைக்கத்தான் காலை வெட்டிப் பசை தடவுகிறார்கள். முன்பக்கப் படத்தில் இது எதுவும் தெரியாது.

காலம் பொருந்தாத ஜோடிகளும் நிறைய. ஹாமில்டன் கம்பெனியின் 992 மாடலுக்குப் பதிலாக 1940-இல் 992பி வந்தது. அந்த 992பி-க்குப் பிற்காலத்தில் போட்ட மெலமைன் என்ற பிளாஸ்டிக் டயலை 1910களின் 992 மீது வைத்து 'ஆலையிலிருந்து வந்தபடியே' என்கிறீர்கள். கொடுத்த சாவியில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சின்ன முள்ளுள்ள டயல் இன்னும் வேடிக்கை: சாதாரண மூவ்மென்டில் அந்த முள்ளைத் திருப்ப அடியில் சக்கரமே இருக்காது! 1908-இல் காப்புரிமை பெற்ற ஃபெர்குசன் டயலில் நிமிட எண்கள் வெளியே பெரிதாக, மணி எண்கள் உள்ளே சிறிதாக இருக்கும். நல்ல விலை போவதால் அதற்கு நகல்களும் உண்டு.

ஆகவே 'ஒரிஜினல்' என்பதை ஆவணம் இருக்கும் வாட்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு 'மாடலுக்கும் காலத்துக்கும் பொருந்தும் டயல்' என்று எழுதினால் போதும். அதற்கும் நல்ல விலை தர ஆட்கள் இருக்கிறோம். கால் வெட்டியிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். டயலைக் கழற்றத் தெரியாதென்றால் தெரிந்த வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். திருகை முழுக்கத் தளர்த்தாமல் நெம்பினால் எனாமல் போய்விடும்.

இப்படிக்கு,
உங்களிடம் வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு சேகரிப்பாளர்