பாட்டிலோடு உறங்கும் பிள்ளைகள்

ஐயா,

கைக்குழந்தைக்கு ஏத்தங்காய் (நேந்திரங்காய்)ப் பொடியில் கருப்பட்டி சேர்த்துக் கூழ் காய்ச்சிக் கொடுப்பது குமரி மாவட்டத்தில் வழக்கம். நல்ல உணவுதான், வாயைத் துடைக்காமல் தூங்க வைப்பதுதான் வினை. கருப்பட்டியானாலும் பல்லுக்கு அது சர்க்கரையே. சீனி போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடி உறங்கினால் இன்னும் மோசம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இனிப்பு பல்லிலேயே தங்கிவிடும். முதலில் மேல் முன்பற்களில், ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரியும்; அதுதான் பல் சொத்தையின் தொடக்கம். அப்போதே கவனித்தால் தடுக்கலாம். பழுப்பேறிக் குழி விழுந்தபின் பல் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். 'பால்பல்தானே, விழுந்து முளைக்கும்' என்ற சமாதானம் வேறு! கடைவாய்ப் பால்பற்கள் விழவே பத்து வயதுக்கு மேலாகும். 9 மாதத்தில் தட்டம்மை ஊசி போடும்போதே செவிலியர்கள் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்க சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், தக்கலை