கடற்கரைக்கு ஆள் ஏற்றும் அண்ணன்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் டூர் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், ஆள் சேர்த்து டூர் போடுகிறவர்களுக்கும் வணக்கமுங்க.

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. நம் சனம் கடலைப் பார்ப்பது பெரும்பாலும் உங்கள் வண்டியில் ஏறித்தான். அமாவாசைக்கு ராமேஸ்வரம், முழுப் பரீட்சை லீவுக்குக் கன்னியாகுமரி, நேர்த்திக்கடனுக்குத் திருச்செந்தூர். எங்கே நிறுத்துவது, எந்தக் கடையில் சாப்பிடுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது எல்லாம் உங்கள் கையில். ஊரில் யார் சொன்னாலும் கேட்காத பெரியவர்கூட, "அஞ்சு மணிக்கு வண்டிய எடுத்துருவனுங்க" என்று டிரைவர் சொன்னால் நாலே முக்காலுக்கே சீட்டில் இருப்பார். அதனால்தான் இதை அரசாங்கத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் துணி. ராமேஸ்வரம் கோயிலுக்கு முன்னால் இருக்கும் அக்னி தீர்த்தக் கடலில் முழங்கால் ஆழம் இறங்கினாலே காலில் ஏதாவது வந்து சுற்றும். பாசி என்று நினைத்து இழுத்தால் வேட்டிக் கரை வரும், சேலை முந்தானை வரும், சில நேரம் லேபிள்கூடப் போகாத பனியன் வரும். தர்ப்பணம் கொடுத்தவர்கள் உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்கிறார்கள். பாலியஸ்டர் கலந்த துணி மக்காது என்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலை புரட்டப் புரட்ட அது இழை இழையாகப் பிரிந்து தண்ணீரோடு போகும். முழுசாகப் போனது மீனவர் வலையில் சிக்கும். பவளப்பாறை மேல் போய்ப் படிந்தால் வெயிலை மறைத்துவிடும். பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும். அது தயாரித்துத் தருவதில்தான் பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பகுதி.

கிளீனர் தம்பியிடம் ரெண்டு சாக்கு கொடுத்துவிடுங்கள். பாம்பன் பாலம் ஏறும்போதே, "துணிய ஆரும் கடல்ல போட வேண்டாமுங்க, சாக்குல போடுங்க" என்று ஒரு தடவை மைக்கில் சொன்னால் போதும். ஈரத்துணி வண்டிக்குள் நாறும் என்பீர்கள். நாறும்தான். மேலே கேரியரில் கட்டுங்கள்.

அடுத்தது கடை நிறுத்தம். பார்ட்டியைக் கூட்டி வந்தால் சில கடைகள் கமிஷன் தருவது ஊரறிந்த விஷயம். அந்த வருமானத்தில் மண் போட எனக்கு ஆசையில்லை. ஆனால் காய்ந்த கடல் குதிரையும் பூப்பூவாக இருக்கும் வெள்ளைப் பவளமும் எங்காவது மறைவாக விற்பனைக்கு வந்தால், வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. வாங்கி வந்தவருக்கும் வழக்கு வரும், அது இருப்பதோ உங்கள் வண்டியில். பூஜைக்கு வாங்கும் வெண்சங்கு வேறு கதை; அது சங்கு குளிப்பவர்களின் பிழைப்பு.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இப்போது தண்ணீருக்குள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்ததில், அலைக்குத் தடுப்பில்லாமல் மண் கரைந்து போனது. ஷோகேஸில் வைக்க ஒரு துண்டுதானே என்பவருக்கு இந்த இரண்டு தீவுகளின் பெயரையும் சொல்லுங்கள்.

மே மாத டூருக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுதான் போகும். நம் ஆட்களோ அப்போதுதான் வஞ்சிரம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார்கள். அன்றைக்கு நாட்டுப்படகில் வந்த சூடையோ மத்தியோ எது இருக்கிறதோ அதை வறுக்கச் சொல்லிச் சாப்பிட்டால் காசும் அந்தப் படகுக்காரருக்கே போகும், ருசியும் குறையாது.

பிளாஸ்டிக் பற்றி நீட்ட வேண்டாம். 2019-லேயே தடை வந்தாயிற்று. குழாய் வைத்த 20 லிட்டர் கேன் ரெண்டும், ஆளுக்கொரு வீட்டு பாட்டிலும் இருந்தால் போதும்.

அப்புறம், நீங்கள் யோசிக்க வேண்டிய ஒரு புது நிறுத்தம்: தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காடு. கடலோரச் சேற்றில் வேர் பரப்பி நிற்கும் அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போகிறார்கள்; வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துவது. இறாலும் நண்டும் குஞ்சாக இருக்கும்போது ஒதுங்கி வளர்வது அந்த வேர்களுக்கு நடுவில்தான். டிக்கெட் காசில் ஊருக்கும் பங்கு என்றால், காட்டைக் காக்க ஊரே நிற்கும். ஐந்து இடத்தை ஓடி ஓடிக் காட்டுவதற்குப் பதில், ஒன்றைக் குறைத்து இங்கே ரெண்டு மணி நேரம் கொடுங்கள். வயசானவர்களுக்கும் அலைச்சல் குறையும். ஒன்று மட்டும்: படகில் பாட்டுப் பெட்டி வேண்டாம், சத்தத்துக்குப் பறவையெல்லாம் பறந்துவிடும்.

தை அமாவாசை டூருக்கு நோட்டீஸ் அடிக்கும்போது "துணிக்குச் சாக்கு உண்டு, காரங்காடு படகு உண்டு" என்று ஒரு வரி சேருங்கள். தலைக்கு நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் எங்கள் தெருவில் ஒரு வண்டிக்கு ஆள் சேர்த்துத் தருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடும் ஈரோட்டுக்காரன்