ஆஸ்டருக்குக் கத்தரிக்கோல் வைக்கப் பயப்படாதே

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு ஆஸ்டர் செடியும் பட்டுப்போனதற்கு உன் கைராசி காரணமில்லை. செப்டம்பர் கடைசியில் பூத்துக் குலுங்கும் தொட்டியை வாங்கி நட்டால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். சத்தெல்லாம் பூவுக்குப் போயிருக்கும், வேர் தொட்டி வடிவத்திலேயே சுருண்டு கிடக்கும். நீ இருக்கும் ஒஹாயோவில் குளிரில் மண் உறைவதற்குள் அது புது வேர் விட்டாக வேண்டும். விடாவிட்டால், மண் உறைந்து உறைந்து இளகும்போது வேர்க்கட்டையையே மேலே தள்ளிவிடும். உன் போட்டோவில் வேர் வெளியே தெரிகிறதே, அதுதான். இந்த முறை மே மாதம் பூவில்லாத சின்னச் செடியாக வாங்கு.

நம்மூரில் மாலை கட்டும் ஆஸ்டரை நினைத்துக்கொண்டு விதை தேடாதே. அது சைனா ஆஸ்டர், ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். உனக்கு வேண்டியது அந்த ஊர் மண்ணிலேயே பிறந்த பல்லாண்டுச் செடி. லேபிளில் 'சிம்பியோட்ரைக்கம்' என்று போட்டிருந்தால் குழம்பாதே, இந்த ஆஸ்டர்களுக்கு 1990-களில் தாவரவியலார் மாற்றிய பெயர் அது.

ரகம் சொல்கிறேன். நியூ இங்கிலாந்து ஆஸ்டரில் 'பர்ப்பிள் டோம்' ஒன்றரை முதல் இரண்டு அடிதான் வளரும், முட்டுக்கொடுக்க வேண்டாம். 'அல்மா போச்கே' நல்ல ரோஸ் நிறம், ஆனால் மூன்று நான்கு அடி உயரும். டிரைவ்வே ஓரத்தில் மண் காய்ந்து கிடக்கிறதே, அங்கே 'அக்டோபர் ஸ்கைஸ்' வை. வறட்சியைத் தாங்கும், இலையைக் கசக்கினால் வாசனை வரும். நியூயார்க் ஆஸ்டர் மட்டும் வேண்டாம். அழகுதான், ஆனால் சாம்பல் நோய்க்கு முதலில் விழுவது அதுதான்.

தினம் ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். செடிக்குச் செடி இரண்டு அடி, உயரமான ரகத்துக்கு மூன்று அடி விடு. நட்ட புதிதில் அந்த இடைவெளி வெறிச்சென்று இருக்கும், அதைப் பார்த்து நடுவில் இன்னொன்றைச் செருகாதே. வசந்தத்தில் ஒரு அங்குலம் கம்போஸ்ட் போதும். புல்வெளிக்குப் போடும் நைட்ரஜன் உரம் பக்கத்தில்கூட வரக்கூடாது, தண்டு கொழுத்துப் பூக்கிற நேரத்தில் சாய்ந்துவிடும்.

இப்போது நீ பயப்படுகிற விஷயத்துக்கு, வெட்டிவிடுவதற்கு வருகிறேன். ஜூன் முதல் வாரத்தில் 'அல்மா போச்கே' முழங்கால் உயரம் வந்திருக்கும். அப்போது ஒவ்வொரு தண்டிலும் மேல் மூன்றில் ஒரு பங்கை, ஒரு இலைக்குச் சற்று மேலே வெட்டிவிடு. பத்துப் பதினைந்து நாளில், வெட்டிய இடத்துக்குக் கீழே இலைக் கக்கங்களிலிருந்து இரண்டு மூன்று தளிர் கிளம்பும். ஒரு தண்டு மூன்றாகும், செடி குட்டையாகும், பூ கூடும். ஜூன் கடைசியில் அந்தத் தளிர்களின் நுனியை மட்டும் கிள்ளு. ஜூலை 4-க்குப் பிறகு கத்தரியைத் தொடாதே. பகல் சுருங்கச் சுருங்க மொட்டு கட்டுகிற செடி இது, பிந்தி வெட்டினால் மொட்டையே வெட்டிவிடுவாய். 'பர்ப்பிள் டோம்' பக்கம் போகவே வேண்டாம், அது தானே குட்டை.

ஆகஸ்டில் இலைமேல் மாவு தூவியது போல வெள்ளை படிந்தால் அது சாம்பல் நோய். வேர் காய்ந்து, மேலே காற்றோட்டம் இல்லாமல் புழுங்கினால் வரும். வாரத்துக்கு ஒரு அங்குல மழை அளவு தண்ணீர் மண்ணில் விடு, இலையில் தெளிக்காதே. நெருக்கமான இடத்தில் சில தண்டுகளை அடியோடு எடுத்துவிடு. அடி இலை பழுப்பாவதைப் பற்றிக் கவலைப்படாதே, முன்னால் குட்டைச் செடி ஏதாவது வைத்து மறைத்துவிடலாம். ஆனால் பூ பச்சையாகவே கோணிக்கொண்டு வந்தால் அது தத்துப்பூச்சி பரப்பும் மஞ்சள் நோய். மருந்து கிடையாது, வேரோடு பிடுங்கிவிடு.

பூ முடிந்ததும் தண்டை வெட்டாமல் குளிர்காலம் முழுக்க நிற்க விடு. மண் உறைந்த பிறகு இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு போடு, முன்கூட்டிப் போட்டால் எலி குடியேறும். மூன்றாவது வருஷம் தூரின் நடுப்பகுதி கட்டையாகி வெறுமையாகும். அப்போது ஏப்ரலில், தளிர் மூன்று அங்குலம் இருக்கும்போது தோண்டி, ஓரத்திலிருந்து நான்கைந்து தளிர் உள்ள துண்டுகளை மட்டும் எடுத்து நடு. நடுக்கட்டையைத் தூக்கி எறிந்துவிடு, பாவம் பார்க்காதே.

ஜூன் பிறந்ததும் வெட்டுவதற்கு முன்னால் ஒரு போட்டோ அனுப்பு. எங்கே வெட்டுவதென்று கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா